பெட்டிக்குள் நுழைந்துவிட்டால் போதுமா?
வீட்டு மின்சாரப் பெட்டியும் புதுவகை பிரேக்கரும்: ஒரு அனுபவம்

கடந்த தை மாதம் ஒருநாள். இரவு வேலை முடிந்து விடியப்புறம் ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் வந்து பேஸ்மென்றுக்கு இறங்கினால், மகள் இரண்டு கம்பளிக்குள் குறண்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். ஹீற்றர் அணைந்து கிடந்தது. "திரும்பவும் பிரேக்கர் விழுந்திட்டுது. நீங்கள் வந்து பாருங்கோ எண்டு விட்டிட்டன்" என்றாள் மனைவி. அந்தக் கிழமையில் அது நாலாவது தடவை.

எனக்குச் சரியான அலுப்பு. வாங்கி வைத்த சாதாரண பிரேக்கர் ஒன்று அலுமாரியில் இருந்தது. சும்மா சும்மா விழுகிற இந்தப் புதுவகைப் பிரேக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டினால் நிம்மதியாகப் படுக்கலாம் என்றுதான் ஸ்குறூ டிறைவரை எடுத்தேன். பெட்டியின் கதவைத் திறந்ததும் ஒரு மணம். பிளாஸ்ரிக் கருகினால் வரும், பழுதான மீன் போன்ற மணம். அந்த மணம்தான் என் கையை நிறுத்தியது. மெயினை நிறுத்திவிட்டு, எல்லோரையும் மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை எழுதுகிறவன் மின்சாரம் படித்தவன் அல்ல. சாதாரண தரத்தோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. கரண்ட் இல்லாத வன்னியில் குப்பி விளக்கில் படித்து, 2010-ல் இங்கு வந்து, அன்றுதொடக்கம் தொழிற்சாலையில் நிற்பவன். சுவரில் சுவிச்சைத் தட்டினால் வெளிச்சம் வருவதே எனக்குக் கனகாலம் புதுமையாக இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த இலெக்ரீசியன் ஐயா ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டி விளங்கப்படுத்தினார். வீடு வாங்கி, பேஸ்மென்ற் திருத்தி, உறவுக்காரருக்கு வாடகைக்கு விடும் எம்மவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் கேட்டதையும் பிறகு தேடி அறிந்ததையும் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஸ்காபரோவில் மச்சானும் நானும் சேர்ந்து ஒரு பழைய பங்களோ வாங்கினோம். 1960-களில் கட்டியது. பேஸ்மென்றில் ஒரு அறை போட, தெரிந்தவர் மூலம் ஒரு கைவேலைக்காரர் வந்தார். நல்ல மனுசன், ட்றைவோல், ரைல்ஸ் எல்லாம் வடிவாகச் செய்தார். வயரிங்கும் தானே செய்வதாகச் சொன்னார். லைசென்ஸ் இருக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையில்லை என்று நினைத்தேன். பிழை என்னுடையது.

புது அறையின் பிளக்குகளுக்கு ஏ.எவ்.சி.ஐ. பிரேக்கர் போடவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடைக்குப் போனேன். எங்கள் பெட்டியின் கொம்பனி செய்த ஏ.எவ்.சி.ஐ. அங்கே இல்லை. பக்கத்தில் இன்னொரு கொம்பனியின் பிரேக்கர் கிடந்தது. அதே அகலம், அதே உருவம். வாங்கிவந்து கொடுத்தேன். அவர் அழுத்தினார், "டிக்" என்று போய் இருந்துவிட்டது. "பாருங்கோ, அளவெடுத்துச் செய்த மாதிரி" என்றார். எனக்கும் சந்தோசம். கோடையில் ஒரு குறையும் இல்லை. குளிர் வந்து, 1,500 வாற் ஹீற்றரை இரவிரவாகப் போடத் தொடங்கிய பிறகுதான் விழத் தொடங்கியது.

சுவருக்குள் வெல்டிங்

ஏ.எவ்.சி.ஐ. என்றால் என்ன? நான் வேலை செய்யும் இடத்தில் பக்கத்து லைனில் நாள்முழுக்க வெல்டிங் நடக்கும். கம்பி இரும்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க, இடைவெளிக்குள்ளால் மின்சாரம் பாய்ந்து நீல வெளிச்சம் அடிக்கும். அதற்குத்தான் ஆர்க் என்று பெயர். அதன் சூடு பல ஆயிரம் பாகை. செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகிவிடும். மரச்சட்டம் அதற்கு எவ்வளவோ முன்னால் பற்றிவிடும்.

அதே ஆர்க் வீட்டுச் சுவருக்குள்ளும் உண்டாகலாம். படம் மாட்ட அடித்த ஆணி வயரில் பட்டிருக்கலாம். கட்டில் பிளக்கை அழுத்தி, வயர் உள்ளே முறிந்திருக்கலாம். கம்பளத்துக்குக் கீழே ஓடும் எக்ஸ்ரென்ஷன் வயரைக் காலால் மிதித்து மிதித்துத் தோல் போயிருக்கலாம். பிளக்கின் ஆணி தளர்ந்திருக்கலாம்.

"அப்படியென்றால் சாதாரண பிரேக்கர் விழாதா?" என்று நானும் கேட்டேன். ஐயா ஒரு கணக்குச் சொன்னார். இங்கு வீட்டுப் பிளக்கில் 120 வோல்ற். 1,500 வாற் ஹீற்றர் இழுப்பது பன்னிரண்டரை அம்பியர். பிரேக்கர் 15 அம்பியர். முறிந்த வயரின் இடைவெளிக்குள்ளால் ஆர்க் அடித்தபடி அந்தப் பன்னிரண்டரை அம்பியரும் போனால், சாதாரண பிரேக்கருக்கு அது ஒரு குற்றமே இல்லை. அதற்குத் தெரிந்தது அளவு மட்டும். பதினைந்தைத் தாண்டாதவரை, சுவர் எரிந்தாலும் அது பேசாமல் இருக்கும்.

ஏ.எவ்.சி.ஐ.க்குள் ஒரு சின்ன மின்னணுப் பலகை இருக்கிறது. அது மின்சாரத்தின் அளவை மட்டுமல்ல, அது போகும் போக்கையும் பார்க்கிறது. இந்நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 60 சுற்று. அதாவது செக்கனுக்கு 120 தடவை பூச்சியத்தைத் தொட்டு வரும். ஆர்க் அடித்தால் ஒவ்வொரு முறையும் பூச்சியத்தில் அணைந்து மீண்டும் பற்றும். அந்த விக்கலும் அதோடு வரும் இரைச்சலும் நல்ல ஹீற்றரில் இராது. அதைக் கண்டுகொண்டால் தானே விழுந்துவிடும். வக்கூம் கிளீனர், துளைபோடும் மெஷின் போன்றவற்றின் மோட்டாரிலும் சின்னப் பொறி உண்டு. அது இது என்று பிரித்தறிவதுதான் அந்தப் பலகையின் வேலை. சிலவேளை பிழைவிடும் என்பதும் உண்மை. முந்திய காலத்து ஏ.எவ்.சி.ஐ.கள் கூடுதலாகப் பிழைவிட்டன என்று ஐயா ஒத்துக்கொண்டார்.

எம்மவர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஊரில் நாம் கண்ட ட்றிப் சுவிச் ஆளுக்குச் ஷொக் அடிக்காமல் காப்பது. இங்கு குளியலறைப் பிளக்கில் சின்னப் பொத்தானோடு இருக்கும் ஜி.எவ்.சி.ஐ.யும் அந்த இனம்தான். ஏ.எவ்.சி.ஐ. காப்பது நெருப்பிலிருந்து. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைக்கவேண்டாம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பிரேக்கரும் விற்பனைக்கு உண்டு.

கனடாவின் மின்சார விதிநூலில் 2002-ம் ஆண்டுப் பதிப்பில் இது படுக்கையறைப் பிளக்குகளுக்கு வந்தது. 2015-ம் ஆண்டுப் பதிப்பு இதை வீட்டின் பெரும்பாலான பிளக்குகளுக்கும் விரித்தது. ஒன்ராறியோவில் அது 2016-ல் நடைமுறைக்கு வந்தது. குளியலறைத் தொட்டிப் பக்கம், குசினி மேடை, குளிர்சாதனப் பெட்டி போன்ற சில இடங்களுக்கு விலக்கு உண்டு. பழைய வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஓடிப்போய் மாற்றவேண்டும் என்று பொருள் இல்லை. புதிதாக வயர் இழுக்கும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது. எம்மவர் பேஸ்மென்ற் போடும்போது வருவது அதனால்தான்.

கதவின் உட்பக்கத்துக் கடதாசி

இனி என் பெட்டிக்கு வருவோம். ஐயா முன்மூடியைக் கழற்றி, அந்தப் பிரேக்கரை உருவி, ரோச் அடித்துக் காட்டினார். பிரேக்கர் கவ்விப் பிடிக்கும் உலோகப் பட்டையில் ஒரு இடம் கறுத்து, குழி விழுந்து கிடந்தது. பிரேக்கரின் அடிப்பக்கம் மண்ணிறமாகிக் கருகியிருந்தது.

"தம்பி, இது இந்தப் பெட்டிக்குரிய சாமான் இல்லை."

"இறுக்கமாத்தானே ஐயா இருந்தது?"

"சப்பாத்தும் கால் நுழைஞ்சால் இறுக்கமாத்தான் இருக்கும். நடந்து பார்த்தால்தான் கடிக்கும்."

சிரித்துவிட்டு, பெட்டிக் கதவின் உட்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒட்டியிருந்த மங்கிய கடதாசியை நான் அன்றுவரை வாசித்ததேயில்லை. இந்தப் பெட்டிக்குள் எந்தெந்த வகைப் பிரேக்கர் போடலாம் என்று அதில் எழுத்தும் இலக்கமுமாகப் போட்டிருந்தது. நான் வாங்கியது அதில் இல்லை.

ஈற்றன் கொம்பனியின் பி.ஆர். வகை, சீமென்ஸ், ஸ்குவயர் டி கொம்பனியின் ஹோம்லைன் ஆகிய மூன்றும் ஒரு அங்குல அகலம். தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. ஒன்றின் பெட்டிக்குள் மற்றதை அழுத்தினால் பெரும்பாலும் போய் இருந்துவிடும். அதுதான் ஆபத்து, போகாமல் இருந்தால் யாரும் போடமாட்டார்கள். ஸ்குவயர் டி கொம்பனியின் கியூ.ஓ. வகை முக்கால் அங்குலம், அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிரேக்கரையும் பெட்டியையும் சேர்த்துத்தான் சோதித்து அனுமதி கொடுக்கிறார்கள். கவ்வும் தகட்டின் வளைவு, அழுத்தம், பட்டையின் தடிப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தொடும் பரப்புக் குறையும். அந்த இடம் சூடேறும். சூடேறினால் தகட்டின் பிடி தளரும். தளர்ந்தால் இன்னும் சூடேறும். கோடையில் ஒரு மின்குமிழ் எரிக்கும்போது ஒன்றும் தெரியாது. பன்னிரண்டரை அம்பியரை எட்டு மணித்தியாலம் இழுத்தால் தெரியும்.

எனக்கு உறைத்த இடம் இதுதான். இந்தப் பிரேக்கர் காவல் காப்பது தனக்குப் பின்னால் அறைக்குப் போகும் வயரை. தான் பட்டையைப் பிடித்திருக்கும் இடத்தைக் காவல் காக்க அது செய்யப்படவில்லை. எங்கள் வீட்டில் அது சூட்டினால் விழுந்திருக்கலாம், பொறியை உணர்ந்தும் விழுந்திருக்கலாம் என்றார் ஐயா. ஆனால் பட்டையே உருகி, பொறி பக்கத்துக்குத் தாவியிருந்தால் அந்தப் பிரேக்கரால் அதை நிறுத்தியிருக்க முடியாது. அது இருப்பது அந்த இடத்துக்குக் கீழே. நெருப்புக்குக் காவல் என்று சாதாரண பிரேக்கரைப் போல் பல மடங்கு காசு கொடுத்து நான் வாங்கிவைத்த சாமான், மகளின் கட்டிலிலிருந்து பத்தடி தூரத்தில் நெருப்புக்கு இடம் செய்துகொண்டிருந்தது. சாதாரண பிரேக்கரை மாட்டியிருந்தால் என்ன? அதுவும் அதே கறுத்த பட்டையைத்தான் கவ்வியிருக்கும். விழாமல் வேறு இருந்திருக்கும்.

ஒரே கொம்பனி என்றாலும் போதாது, வகையும் பார்க்கவேண்டும். ஏ.எவ்.சி.ஐ.க்கு நியூற்றல் இணைப்புத் தேவை. சிலவற்றில் வெள்ளை வயர் ஒன்று சுருண்டு தொங்கும். அதை நியூற்றல் பட்டையில் முறுக்கவேண்டும். வேறு சில, பிரேக்கரை அழுத்தும்போதே நியூற்றலையும் தானே பிடித்துக்கொள்ளும்; அவற்றுக்கு அதற்கென்று தனிப்பட்டை உள்ள புதுப் பெட்டி வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டிகளும் கனடாப் பெட்டிகளும் அமைப்பில் வேறு. மலிவாக இருக்கிறதென்று கணினியில் ஓடர் பண்ணும் பிரேக்கரில், கனடாவுக்கான சி.எஸ்.ஏ. போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி எடுத்த பழைய பிரேக்கரை வாங்கவே வேண்டாம்.

பெட்டி பழசு என்றால்?

ரொறன்ரோவில் எம்மவர் வாங்கும் வீடுகள் அநேகமாகப் பழையவை. சிலவற்றில் இன்னும் பியூஸ் பெட்டி, 60 அம்பியர் இணைப்பு. 1960-களின் நடுப்பகுதியிலிருந்து 70-களின் கடைசிவரை கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயர். அக்காலத்து வீடுகளில் ஃபெடரல் பயனியர் கொம்பனியின் ஸ்ராப்-லொக் பெட்டிகளும் நிறைய உண்டு. இதன் பிரேக்கர்கள் பட்டையைக் கவ்வும் முறையே வேறு. அந்தக் கொம்பனி ஷ்னைடரின் கைக்குப் போய்விட்டது. 1996, 1997 காலத்தில் செய்த ஒருவகை 15 அம்பியர் பிரேக்கர்கள் குறை காரணமாகத் திருப்பி அழைக்கப்பட்டன. இந்தப் பெட்டி உள்ளவர்கள் பயப்படவேண்டாம். ஒருமுறை தெரிந்தவரைக் கொண்டு திறந்து பார்ப்பியுங்கள்.

பெட்டிக்கு ஏற்ற ஏ.எவ்.சி.ஐ. கிடைக்காவிட்டால் வேறு கொம்பனியை அமுக்குவது வழியல்ல. வழிகள் உண்டு. புது அறைகளுக்கென்று பக்கத்தில் சிறு துணைப் பெட்டி ஒன்று வைத்து, அதற்கேற்ற ஏ.எவ்.சி.ஐ.யை அதற்குள் போடலாம். அல்லது பிரேக்கரை விட்டுவிட்டு, வரிசையின் முதல் பிளக்கையே ஏ.எவ்.சி.ஐ. பிளக்காகப் போடலாம். இதற்கு விதியில் நிபந்தனை இருக்கிறது: பெட்டியிலிருந்து அந்த முதல் பிளக்வரை வயர் கவச வயராகவோ குழாய்க்குள்ளோ போகவேண்டும். அந்த முதல் துண்டைப் பாதுகாக்கத் தொடக்கத்தில் ஆள் இல்லை என்பதால் இந்த ஏற்பாடு. மூன்றாவது, பெட்டியையே மாற்றுவது. எங்கள் பட்டை கறுத்துப்போனதால் எங்களுக்கு மூன்றாவதுதான் மிஞ்சியது. செலவைக் கேட்டு மச்சான் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சரியான பிரேக்கர் போட்டும் விழுந்தால்? முதலில் அந்த வரிசையில் உள்ள எல்லாச் சாமானையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழைய வக்கூம் கிளீனரோ முறிந்த வயரோ அகப்படும். ஒன்றுமே செருகாமலும் விழுந்தால் குறை சுவருக்குள் அல்லது இணைப்பில். பழைய வீடுகளில் இரண்டு வரிசைக்கு ஒரே நியூற்றலைப் பங்கிட்டு இழுத்திருப்பார்கள். அதில் ஒருபக்கத்துக்கு மட்டும் ஏ.எவ்.சி.ஐ. போட்டால் கணக்கு ஒத்துவராது, விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு இரட்டைப் பிரேக்கர் வேண்டும், அல்லது வயரைப் பிரிக்கவேண்டும். இலெக்ரீசியன்மாருக்கே தலையிடி தரும் இடம் இது என்று ஐயா சொன்னார். ஒன்று மறக்கவேண்டாம்: தளர்ந்த இணைப்பு பொறி அடிக்காமல் நின்று கனன்று சூடேறினால் ஏ.எவ்.சி.ஐ. அதைக் காணாமலும் விடலாம். எனவே பிளக் மூடி சூடாக இருந்தால், மணம் வந்தால், பிரேக்கர் விழவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். பிரேக்கரில் உள்ள ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவேண்டும்.

யாரைக் கூப்பிடுவது?

இங்கே கரண்ட் பில்லை "ஹைட்ரோ பில்" என்பார்கள். நயாகராத் தண்ணீரில் மின்சாரம் எடுத்த காலத்துப் பெயர். 1906-ல் தொடங்கிய அரசாங்க மின்சார ஆணைக்குழுவிலிருந்து வருவது. முன்பு வீட்டு வயரிங்கைப் பரிசோதித்ததும் அந்த ஒன்ராறியோ ஹைட்ரோதான். 1999 தொடக்கம் அந்த வேலை மின் பாதுகாப்பு அதிகாரசபையிடம், அதாவது ஈ.எஸ்.ஏ.யிடம் இருக்கிறது. பில் அனுப்பும் ரொறன்ரோ ஹைட்ரோ வேறு, ஈ.எஸ்.ஏ. வேறு.

காசு கொடுத்து வயரிங் செய்விப்பதென்றால், லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம்தான் கொடுக்கலாம். அவருக்கு 7 இலக்க எண் ஒன்று உண்டு. வாகனத்திலும் விசிற்றிங் காட்டிலும் போட்டிருக்கவேண்டும். ஈ.எஸ்.ஏ.யின் இணையப் பக்கத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். கேட்பது அவமரியாதை இல்லை. எங்கள் ஐயா நான் கேட்குமுன்னரே காட்டைத் தந்தார். வேலைக்கு முன் அவர் ஈ.எஸ்.ஏ.க்கு அறிவித்தல் கொடுப்பார். முடிந்தபின் அதற்கான சான்றிதழை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வீடு விற்கும்போதும், காப்புறுதிக்காரர் கேட்கும்போதும் அந்தக் கடதாசி தேவைப்படும். சொந்த வீட்டில் சொந்தக் கையால் வயரிங் செய்ய வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் அவரும் அறிவித்தல் கொடுத்துப் பரிசோதனைக்கு விடவேண்டும். பெட்டிக்குள் மட்டும் கை வைக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மெயினை நிறுத்தினாலும் தெருவிலிருந்து வரும் தடித்த வயர்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

வாடகைக்கு இருப்போர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்றால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். திருத்துவது அவர் பொறுப்பு. செய்யாவிட்டால் 311 எடுத்து நகரசபைக்குச் சொல்லலாம். "வீட்டுக்கார அண்ணை எங்கடை ஊர்க்காரர், எப்படிச் சொல்வது" என்று பேசாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானே ஏழு வருடம் அப்படி இருந்தவன்.

எங்கள் வீட்டில் பெட்டி மாற்றி, இன்ஸ்பெக்ரர் வந்து பார்த்துப் போய்விட்டார். மகள் திரும்பவும் கீழே படுக்கிறாள். ஹீற்றருக்கென்று தனி வரிசை போட்டிருக்கிறது. கருகிய பிரேக்கரை ஐயா என்னிடமே தந்துவிட்டுப் போனார்; வேலைக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். பார்த்தவர்களில் ஒருவர் முகம் மாறிப்போனது. போன வருடம் "இதுவும் நல்லாத்தான் பொருந்துது" என்று அதே கடைக்கு, அதே தட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். அவருடைய பேஸ்மென்றில் இப்போது நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, கைக்குழந்தையோடு. ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூவரும் போகிறோம். அதுவரை அந்த வரிசையை நிறுத்தி வைக்கச் சொல்லி, ஹீற்றருக்கு மேல்மாடியிலிருந்து வேறு வழி செய்து கொடுத்திருக்கிறார்.